பழைய தேக்கு பீரோவை இன்றைய வீட்டுக்குத் தோதாக்குவது எப்படி? கேள்வி பதில்

தாத்தா காலத்து மர பீரோவை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று பலர் கேட்டிருந்தீர்கள். கிருஷ்ணகிரியில் பழைய மரச்சாமான்களைப் பழுது பார்க்கிறவன் என்ற முறையில் பதில் சொல்கிறேன். இரும்பு பீரோ என் வேலை இல்லை, அதற்கு வெல்டிங் பட்டறையில் கேளுங்கள்.

காவேரிப்பட்டினத்திலிருந்து: அண்ணா, பாட்டியின் பீரோவில் குறுக்கே கம்பி போட்டு ஹேங்கரில் சட்டை மாட்டினேன். கதவு மூடவில்லை.

ஆழம் போதவில்லை தம்பி. ஹேங்கரே 17, 18 அங்குலம் இருக்கும். சட்டையோடு மாட்டிக் கதவு மூட வேண்டுமானால் உள்ளே 22 அங்குலமாவது வேண்டும். அந்தக் கால பீரோ வேட்டி, புடவையை மடித்து அடுக்கச் செய்தது. பின்பலகையைக் கழற்றி நீட்டலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். முன்னும் பின்னுமாக ஓடும் இழுப்புக் கம்பி ஹார்டுவேர் கடையில் கிடைக்கும். அதை மேல்தட்டின் அடியில் பொருத்தினால் சட்டைகள் உங்களைப் பார்த்தபடி தொங்கும், ஆழப் பிரச்சினை தீர்ந்தது. பழைய தட்டில் திருகாணி ஏற்ற வேண்டாம். அதைப் பத்திரமாக எடுத்து வைத்துவிட்டு, அதே தாங்குகட்டையில் புதுப் பலகை ஒன்றைப் பொருத்தி அதில் முடுக்குங்கள். கம்பியை வெளியே இழுக்கும்போது பாரம் முன்னால் வரும். ஆகவே பீரோவின் தலையை எல் கிளாம்ப் வைத்துச் சுவரோடு பிணையுங்கள். குழந்தைகள் இழுப்பறையில் கால் வைத்து ஏறுவார்கள், பீரோ அப்படியே கவிழும்.

ஓசூரிலிருந்து: உள்ளே 43 அங்குல டிவி வைக்கலாமா?

43 என்பது மூலைக்கு மூலை அளவு. அகலம் சுமார் 38 அங்குலம் வரும். உங்கள் பீரோவின் உள் அகலம் 36 என்று எழுதியிருக்கிறீர்கள், நுழையாது. 32 அங்குல டிவி தாராளமாக உட்காரும். ஒயருக்குத் துளை வேண்டுமே என்று பழைய பின்பலகையில் டிரில் வைக்காதீர்கள். ஒரு பலகையை மட்டும் உருவிவிட்டு, புதுப் பலகை போட்டு அதில் துளையிடுங்கள். சூடு வெளியேற மேலேயும் இரண்டு துளை வேண்டும். சுவரோடு பிணைக்க மறக்க வேண்டாம்.

பாலக்கோட்டிலிருந்து: இன்வெர்ட்டர் பேட்டரியை உள்ளே வைத்து மூடிவிடலாமா?

கூடவே கூடாது. சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வாயு வெளிவரும். மூடிய பெட்டிக்குள் அது சேர்ந்தால் ஒரு பொறி போதும்.

அரூரிலிருந்து: மேலே நாலு பூச்சு பெயிண்ட். காஸ்டிக் சோடா போட்டு உரிக்கலாம் என்கிறார் ஆசாரி.

வேண்டாம். காஸ்டிக் பட்டால் தேக்கு கருத்துப்போகும், ரேகை எழும்பிச் சொரசொரப்பாகும். பெயிண்ட் ரிமூவர் தடவி, ஊறவிட்டு, ஈரத்தோடு சுரண்டுங்கள். காய்ந்த பெயிண்டில் உப்புத்தாள் போட்டுத் தூசி கிளப்ப வேண்டாம். வீட்டுப் பெயிண்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் 90 பங்கு) மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய பூச்சில் ஈயம் இருக்கலாம்.

பாப்பாரப்பட்டி பட்டறைக்காரர்: ஐயா, ஜன்னல், கதவெல்லாம் காஸ்டிக்கில்தான் உரிக்கிறோம். கருத்தால் ஆக்சாலிக் ஆசிட் போட்டால் வெளுத்துவிடும். ரிமூவர் வைத்து நாள் முழுக்கச் சுரண்டினால் கூலி யார் தருவார்?

ஆக்சாலிக் பற்றிச் சொன்னது சரி, கூலிக் கணக்கும் நியாயம். ஆனால் நிறத்தை விட எனக்குப் பெரிய கவலை மூட்டுதான். பழைய பீரோவின் கழுந்துகளை, அதாவது ஒரு கட்டை இன்னொன்றின் துளைக்குள் நுழையும் முனைகளை, வஜ்ஜிரம் என்ற விலங்குத் தோல் பசை வைத்து ஒட்டியிருப்பார்கள். காஸ்டிக்கும் தண்ணீரும் உள்ளே இறங்கினால் வஜ்ஜிரம் இளகும், சட்டம் ஆட ஆரம்பிக்கும்.

மறுபடியும் அவரே: ஆடினால் ஃபெவிகால் வைத்து இறுக்கிவிடலாமே?

இங்கேதான் நாம் வேறுபடுகிறோம். வஜ்ஜிரம் போட்ட மூட்டைச் சூடும் ஈரமும் காட்டிப் பிரித்து, அடுத்த தலைமுறையும் பழுது பார்க்கலாம். ஃபெவிகால் போட்ட கழுந்தைப் பிரிக்கப் போனால் மரம்தான் கிழியும். அதைவிட மோசம், ஆடுகிற கதவுப் பலகையையும் சேர்த்து ஒட்டிவிடுகிறார்கள். அந்தப் பலகை சட்டத்தின் காடிக்குள் (நீளப் பள்ளத்துக்குள்) பசையில்லாமல் நிற்பது வேண்டுமென்றே செய்தது. தர்மபுரி வெயிலில் அது சுருங்கும், ஐப்பசி மழையில் உப்பும். அசைய விடாமல் ஒட்டினால் அடுத்த கோடையில் நடுவே வெடிக்கும். ஜன்னலுக்கு உங்கள் வழி இருக்கட்டும். பீரோவுக்குக் கூடுதல் கூலி கேளுங்கள், காரணத்தைச் சொன்னால் தருவார்கள்.

பென்னாகரத்திலிருந்து: ஹேங்கர் மாட்டினால் கதவு மூடவில்லை.

காவேரிப்பட்டினத்துக்குச் சொன்ன பதிலைப் படியுங்கள்.

ஊத்தங்கரையிலிருந்து: பீரோவின் அடியில் மாவு மாதிரி கொட்டுகிறது. கரையானா?

கரையான் என்றால் மண் தடம் இருக்கும். இது உளு, மரத்தைத் துளைக்கும் வண்டு. வைரம் பாய்ந்த தேக்கை அது பெரும்பாலும் தொடாது, வெளுத்த ஓரத்தையும் மட்டமான மரத்தில் செய்த பின்பலகையையும்தான் துளைக்கும். அடியில் கறுப்புக் காகிதம் விரித்து ஒரு வாரம் பாருங்கள். புது மாவு விழுந்தால்தான் பூச்சி உயிரோடு இருக்கிறது. மர மருந்தை ஊசியால் ஒவ்வொரு துளையிலும் ஏற்றி, மெழுகால் அடையுங்கள். துணி அடுக்குவது அதற்கப்புறம்.

ஓசூரிலிருந்து இன்னொருவர்: ஹேங்கருக்காகப் பின்பலகையை எடுத்துவிடலாமா?

கூடாது. பீரோ கோணாமல் நிற்பதே பின்பலகையால். மேலே இழுப்புக் கம்பி பற்றி எழுதியிருக்கிறேன்.

தேன்கனிக்கோட்டையிலிருந்து: மாடிப்படியில் ஏறவில்லை. நடுவில் அறுத்து இரண்டாக்கலாமா?

ரம்பத்தைக் கீழே வையுங்கள். பெரிய பீரோக்கள் பலவற்றில் தலைமகுடம், உடல், அடிப்பீடம் மூன்றும் தனித்தனியாகக் கழலும். உள்ளே மேல் மூலைகளில் ஆப்போ போல்ட்டோ இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். இருந்தால் ஒரு படம் அனுப்புங்கள், எதை முதலில் கழற்றுவது என்று சொல்கிறேன்.