1870களில் அமெரிக்க மேற்கு எல்லைக் கோட்டைகளில் ராணுவ அதிகாரிகளின் மனைவிகள் வசதியாக வாழ்ந்தார்களா?

அதிகாரியின் மனைவி என்றதும் பெரிய வீடு, வேலையாட்கள், மாலையானால் விருந்து என்றுதான் தோன்றும். விருந்தும் நடனமும் இருந்தன, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் ராணுவ விதிமுறைகளின் கண்ணில் அந்தப் பெண்கள் இருப்பதாகவே கணக்கில்லை. துணி துவைக்க வந்த பெண்களுக்குக்கூட 1878இல் சட்டம் மாறும்வரை ராணுவக் கணக்கில் ஓர் இடமும் ரேஷனும் இருந்தன. அதிகாரியின் மனைவிக்கு அதுவும் கிடையாது. எனக்கு இதுதான் ஆறவே இல்லை.

வீடு விஷயத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். லெப்டினன்ட் என்றால் ஒரு அறை, ஒரு சமையலறை, அவ்வளவுதான். குடும்பம் எத்தனை பேர் என்று யாரும் கேட்கமாட்டார்கள். அதுவும் நிரந்தரமில்லை: பதவியில் மூத்தவர் ஒருவர் கோட்டைக்கு மாற்றலாகி வந்து உங்கள் வீட்டைக் கைகாட்டினால் நீங்கள் கைக்குழந்தையும் சட்டி பானையுமாக வெளியேற வேண்டும், அப்புறம் நீங்கள் உங்களுக்குக் கீழே இருப்பவரைக் கிளப்பிவிட்டு அவர் வீட்டுக்குப் போவீர்கள், இப்படியே வரிசையாகக் கடைசி ஆள்வரை போகும்.

மார்த்தா சம்மர்ஹேஸ் என்பவர் நான்டக்கெட் தீவில் பிறந்தவர். 1874இல் லெப்டினன்ட் கணவரோடு அரிசோனாவுக்குப் புறப்பட்டார். சான் பிரான்சிஸ்கோவிலிருந்து கப்பல், பிறகு ஆகஸ்ட் வெயிலில் கொலராடோ ஆற்றில் நீராவிப் படகு, மொஹாவி கோட்டையில் இறங்கி அங்கிருந்து கோவேறு கழுதை வண்டியில் மலைப்பாதை. இவ்வளவும் வயிற்றில் பிள்ளையோடு. அரிசோனாவின் கேம்ப் அப்பாச்சி என்ற ராணுவ முகாமில் 1875 ஜனவரியில் மகன் பிறந்தபோது தாயில்லை, உறவில்லை, பிள்ளைப்பேறு பார்க்கத் தெரிந்த மருத்துவச்சியும் இல்லை. ஏழாம் நாள், அந்தப் பகுதியின் பூர்வகுடிகளான அப்பாச்சி இனத் தலைவர்களின் மனைவிகள் சிலர் பார்க்க வந்தார்கள். லேசான மரத்தில் செய்து, மான்குட்டித் தோல் போர்த்தி, நீல மணி கோத்த ஒரு தொட்டில் கொண்டுவந்தார்கள். குழந்தையை அதில் கிடத்தி, வாரால் கட்டி, அவர்களே ஆட்டித் தூங்கவைத்தார்கள். அந்தப் பெண்களின் மக்களை ஒதுக்கப்பட்ட நிலத்துக்குள் அடக்கிவைக்கத்தான் மார்த்தாவின் கணவரின் படையே அங்கே இருந்தது என்பதையும் சேர்த்து நினைத்துப் பாருங்கள்.

கணவர் போரில் இறந்துவிட்டால்? 1876 ஜூன் 25இல் லிட்டில் பிக்ஹார்ன் ஆற்றங்கரையில் பூர்வகுடிகளோடு நடந்த போரில், ஜார்ஜ் கஸ்டர் என்ற ராணுவ அதிகாரியும் அவர் நேரடியாக நடத்திச் சென்ற படையும் அழிந்தார்கள். செய்தி, அவர்களின் மனைவிகள் இருந்த ஆபிரகாம் லிங்கன் கோட்டைக்கு வந்துசேர ஜூலை ஆகிவிட்டது. கஸ்டரின் மனைவி, 34 வயது எலிசபெத், தன் துக்கத்தை அடக்கிக்கொண்டு மற்ற பெண்களிடமும் செய்தி சொல்லக் கூடவே போனார். கணவன் இல்லையென்றால் கோட்டையில் வீடும் இல்லை. சில வாரங்களிலேயே அவர் மூட்டை கட்ட வேண்டியிருந்தது. அரசு கொடுத்த விதவை பென்ஷன் மாதம் 30 டாலர்.