ஒரு ஓட்டக்காரனும் எண்பத்தாறு ஆண்டுகளும்: பாஸ்டன் ரெட் சாக்ஸ் 2004, கேள்வி பதில்

பாஸ்டன் ரெட் சாக்ஸ் பேஸ்பால் அணியின் 2004 சீசனைப் பற்றி நண்பர்கள் அனுப்பிய கேள்விகளும் என் பதில்களும்.

கேள்வி: எனக்குக் கிரிக்கெட் மட்டும்தான் தெரியும். பேஸ்பாலில் ஒரு சீசனுக்கு எத்தனை ஆட்டங்கள்?

162. அப்போது ஏப்ரலில் தொடங்கி அக்டோபர் முதல் வாரம் வரை ஏறக்குறைய தினமும் ஆட்டம் இருந்தது. எவ்வளவு வலிமையான அணியும் ஐம்பது, அறுபது முறை தோற்கத்தான் செய்யும். தோற்ற மறுநாளே மீண்டும் களத்தில் இறங்க வேண்டும். அழுதுகொண்டிருக்க நேரம் கிடைக்காது. 2004இல் ரெட் சாக்ஸ் 98 ஆட்டங்களில் வென்றது, 64இல் தோற்றது. பரம எதிரியான நியூயார்க் யாங்கீஸ் 101 வெற்றிகளோடு அதே பிரிவில் முதலிடம் பிடித்துவிட்டதால், ரெட் சாக்ஸ் வைல்டு கார்டு (பிரிவில் முதலிடம் பெறாத அணிகளில் சிறந்ததற்குக் கிடைக்கும் இடம்) வழியாகத்தான் இறுதிச் சுற்றுகளுக்குள் நுழைந்தது.

கேள்வி: பேப் ரூத்தை விற்றதால்தான் அந்த அணிக்கு 86 ஆண்டுகள் கோப்பை கிடைக்கவில்லையாமே, ஐயா? சாபம் உண்மையா?

1918இல் கோப்பை வென்றார்கள். 1919 டிசம்பரில் தங்கள் நட்சத்திர வீரர் ரூத்தை யாங்கீஸுக்கு விற்க ஒப்பந்தம் போட்டார்கள். அதன்பின் 1946, 1967, 1975, 1986 என நான்கு முறை உலகத் தொடர் என்ற இறுதிச் சுற்றுக்கு வந்து, நான்கிலும் ஏழாவது ஆட்டத்தில் தோற்றார்கள். சாபம் என்று சொல்ல யாருக்குத்தான் தோன்றாது?

ஆனால் இன்னொரு தகவலையும் சேர்த்துப் பாருங்கள். முதன்மை லீக் அணிகளில் கறுப்பின வீரரைக் கடைசியாகக் களமிறக்கிய அணி இதுதான். நிறத் தடையை உடைத்த ஜாக்கி ராபின்சன் புரூக்ளினில் ஆடத் தொடங்கியது 1947இல். பாஸ்டனில் பம்ப்சி கிரீன் இறங்கியது 1959இல். நாட்டின் சிறந்த ஆட்டக்காரர்களில் ஒரு பெரும் பகுதியினருக்குப் பன்னிரண்டு ஆண்டுகள் கதவைச் சாத்தி வைத்திருந்தவர்கள், பழியை மட்டும் ரூத்தின் ஆவி மேல் போட்டார்கள். எனக்கு அந்தக் கதையில் ஒருபோதும் நம்பிக்கை இருந்ததில்லை.

கேள்வி: நோமார் கார்சியாபாராவை நடு சீசனில் அனுப்பியது துரோகம் இல்லையா? அப்போது பாஸ்டனில் இருந்தேன், என் அறைத் தோழன் இரண்டு நாள் சாப்பிடவில்லை.

உங்கள் தோழரின் வருத்தம் நியாயம்தான். 1999, 2000 இரண்டு ஆண்டுகளிலும் அமெரிக்கன் லீக்கின் பேட்டிங் பட்டம் அவருடையது. ஊரே கொண்டாடிய பிள்ளை. ஆனால் 2004இல் அவருக்குக் குதிகால் தசைநாணில் காயம், மனத்திலும் கசப்பு. முந்தைய குளிர்காலத்திலேயே நிர்வாகம் அவரை மாற்றிவிடப் பார்த்தது அவருக்குத் தெரியும். ஜூலை 1 அன்று நியூயார்க்கில் யாங்கீஸ் வீரர் டெரக் ஜீட்டர் ஒரு பந்தைப் பிடிக்கப் பார்வையாளர் இருக்கைகளுக்குள் பாய்ந்து முகத்தில் ரத்தத்தோடு எழுந்தார். அன்று பதின்மூன்று இன்னிங்ஸ் நீண்ட அந்த ஆட்டம் முழுவதும் கார்சியாபாரா பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்.

ஜூலை 31, வீரர் பரிமாற்றக் கெடு முடியும் நாள். பொது மேலாளர் தியோ எப்ஸ்டீன் அவரைச் சிகாகோ கப்ஸுக்கு அனுப்பிவிட்டு, தடுப்பாட்டத்துக்காக ஆர்லாண்டோ கப்ரேராவையும் டக் மின்கேவிச்சையும் வாங்கினார். அதே நாளில், ஓசைப்படாமல், லாஸ் ஏஞ்சலிஸ் டாட்ஜர்ஸிடமிருந்து டேவ் ராபர்ட்ஸ் என்ற வேகமான ஓட்டக்காரரையும் வாங்கிப் போட்டார். பத்திரிகைகளில் அவருக்குக் கிடைத்த இடம் சொற்பம். என்னைக் கேட்டால், கோப்பை வென்ற நாள் அதுதான்.

கேள்வி: அண்ணா, யாங்கீஸோடு நடந்த நான்காவது ஆட்டத்தில் ஒருவர் ‘பேஸ் திருடினார்’ என்று எல்லோரும் உருகுகிறார்கள். அதில் அப்படி என்ன இருக்கிறது?

தம்பி, இதற்குக் கொஞ்சம் நீட்டித்தான் பதில் சொல்ல வேண்டும்.

உலகத் தொடருக்கு முந்தைய சுற்று, ஏழு ஆட்டத் தொடர். முதல் மூன்றையும் யாங்கீஸ் வென்றுவிட்டது. மூன்றாவதில் 19-8 என்று மானத்தை வாங்கிவிட்டது. அந்த நிலையிலிருந்து மீண்ட அணி அதுவரை பேஸ்பால் வரலாற்றில் கிடையாது. அக்டோபர் 17 இரவு நான்காவது ஆட்டம், ஒன்பதாவது இன்னிங்ஸ், பாஸ்டன் 3-4 என்று பின்தங்கியிருக்கிறது. பந்து வீசுபவர் மரியானோ ரிவேரா. இறுதி இன்னிங்ஸை முடித்து வைப்பதில் அவருக்கு நிகர் இல்லை. கெவின் மில்லருக்கு நான்கு பந்துகள் இலக்குத் தவறியதால் அவர் இலவசமாக முதல் பேஸுக்குப் போனார். அவருக்குப் பதிலாக ராபர்ட்ஸை ஓட அனுப்பினார்கள்.

பேஸ்களுக்கு இடையே 90 அடி. பிட்சர் கையை விட்டுப் பந்து கிளம்பி, கேட்சரிடம் போய், அங்கிருந்து இரண்டாவது பேஸுக்கு எறியப்படுவதற்குள் ஓடிச் சேர வேண்டும். அதுதான் திருட்டு. ஒரு நொடியின் சிறு பகுதியில் அவுட். அவுட்டானால் சீசனே ஏறக்குறைய முடிந்தது. அவர் ஓடப்போகிறார் என்பது மைதானத்தில் இருந்த அத்தனை பேருக்கும் தெரியும். ரிவேராவுக்கும் தெரியும். பேட்டருக்கு வீசாமல் முதல் பேஸுக்கே மூன்று முறை எறிந்து அவரை மடக்கப் பார்த்தார். மூன்று முறையும் ராபர்ட்ஸ் பாய்ந்து கையை பேஸில் வைத்தார். குளிரில் மணிக்கணக்காக பெஞ்சில் இருந்த மனிதருக்கு அந்த மூன்று எறிகளும்தான் உடம்பைச் சூடாக்கிப் பதற்றத்தைத் தணித்தன. பின்னாளில் அவரே சொன்னது இது. பேட்டருக்கு வீசிய முதல் பந்திலேயே ஓடினார். கேட்சர் போசாடாவின் எறி நன்றாகத்தான் வந்தது. ஜீட்டர் பிடித்து அவரைத் தொடுவதற்குள் கை பேஸைத் தொட்டுவிட்டது. அடுத்து பில் மில்லர் அடித்த பந்து ரிவேராவைத் தாண்டி நேராக நடுவில் பறந்தது, ராபர்ட்ஸ் ஓடி வந்து சமன் செய்தார். பன்னிரண்டாவது இன்னிங்ஸில் டேவிட் ஓர்டீஸ் ஹோம் ரன் அடித்து பாஸ்டனை வெல்ல வைத்தபோது நள்ளிரவு தாண்டி ஒன்றரை மணியை நெருங்கிக்கொண்டிருந்தது. அடுத்த மூன்று ஆட்டங்களையும் வென்று பாஸ்டன் உலகத் தொடருக்குப் போனது.

கேள்வி: ஷில்லிங்கின் ரத்தக் காலுறை நிஜமா, சாயமா?

நிஜம். பாஸ்டன் பிட்சர் கர்ட் ஷில்லிங்கின் வலது கணுக்காலில் தசைநாண் இடம் நழுவிக்கொண்டிருந்தது. அது நகராதபடி அணியின் மருத்துவர் தோலை உள்திசுவோடு சேர்த்துத் தைத்தார். இந்த முறையை முதலில் ஒரு சடலத்தின் காலில் செய்து பார்த்தார்களாம். அந்தத் தையலோடு, ரத்தம் கசிந்த காலுறையோடு, யாங்கீஸுக்கு எதிரான ஆறாவது ஆட்டத்தில் ஏழு இன்னிங்ஸ் வீசினார்.

கேள்வி: உங்களுக்குப் பிடித்த வீரர் யார்? ஓர்டீஸ் என்று சொல்லாதீர்கள்.

டிம் வேக்ஃபீல்டு. மெதுவாக, சுழலாமல் தள்ளாடிப் போகும் நக்கிள்பால் வீசுபவர். நான்காவது ஆட்டத்தைத் தொடங்க வேண்டியவர் அவர். அந்த 19-8 படுதோல்வியில் மற்ற பிட்சர்கள் களைத்துவிடக் கூடாது என்று தன் வாய்ப்பை விட்டுக்கொடுத்து, தோற்ற ஆட்டத்திலேயே மூன்று இன்னிங்ஸுக்கு மேல் வீசித் தள்ளினார். ஐந்தாவது ஆட்டம் பதினான்கு இன்னிங்ஸ் நீண்டபோது கடைசி மூன்றும் அவருடையவை. அவர் பந்தைப் பிடித்துப் பழகாத கேட்சர் வாரிடெக் ஒரே இன்னிங்ஸில் மூன்று பந்துகளைத் தவறவிட்டார். பார்த்தவர்களுக்கு உயிர் போய் வந்தது. ரன் மட்டும் போகவில்லை. வேக்ஃபீல்டு 2023இல் காலமானார்.

கேள்வி: உலகத் தொடர் எப்படி இருந்தது?

உப்புச் சப்பில்லை. 105 ஆட்டங்கள் வென்று வந்த செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் நான்கிலும் தோற்றது. ஒரு கணம்கூட முன்னிலை பெறவில்லை. அக்டோபர் 27, கடைசி ஆட்டத்தன்று முழுச் சந்திர கிரகணம். சாபக் கதைக்காரர்களுக்கு அதுவே போதுமாக இருந்தது.

கேள்வி: ராபர்ட்ஸ் அந்தத் தொடரில் எத்தனை பேஸ் திருடினார்?

ஒன்றுமில்லை. உலகத் தொடரில் அவரைக் களமிறக்கவே இல்லை. யாங்கீஸோடு நடந்த ஐந்தாவது ஆட்டத்திலும் கெவின் மில்லருக்குப் பதிலாக அதேபோல் ஓடி சமன் செய்யும் ரன்னை எடுத்ததோடு சரி. டிசம்பரில் சான் டியாகோவுக்கு மாற்றிவிட்டார்கள். இப்போது டாட்ஜர்ஸின் மேலாளராக இருக்கிறார். பாஸ்டன் பக்கம் போனால் இன்றும் எழுந்து நின்று கைதட்டுகிறார்கள்.