காற்றாலை மின்சாரத்தைக் கொண்டு புகையில்லாமல் உருக்கு செய்ய முடியுமா?

பணகுடியிலிருந்து காவல்கிணறு வரை இத்தனை காற்றாலைகள் சுற்றும்போது, நிலக்கரியை விட்டுவிட்டு இந்த மின்சாரத்திலேயே உருக்கு செய்யலாமே என்று கேட்டிருக்கிறீர்கள். பழைய இரும்பை உருக்குவதென்றால் இன்றைக்கே செய்யலாம். தாதுவிலிருந்து இரும்பை எடுப்பதென்றால் மின்சாரம் தரும் சூடு மட்டும் போதாது.

எங்கள் ஊர்க் கொல்லர் துருத்தி ஊதி, உடைமரக் கரியைக் கனியவைத்து அரிவாள் அடிப்பதைப் பார்த்து வளர்ந்ததால், கரி சூட்டுக்காக மட்டுமே என்று நானும் வெகுகாலம் நினைத்திருந்தேன். தாதுவிலிருந்து இரும்பை எடுக்கும் ஊதுலையில் கரிக்கு இன்னொரு வேலையும் உண்டு. தாதுவில் இரும்போடு பிணைந்திருக்கும் ஆக்சிஜனைப் பிரித்துத் தன்னோடு இழுத்துக்கொண்டு, அது கரியமில வாயுவாக வெளியேறுகிறது. உலகச் சராசரியில் ஒரு டன் உருக்குக்கு ஏறத்தாழ 2 டன் கரியமில வாயு வெளிவருவதற்கு இதுவே முக்கியக் காரணம்.

அந்த வேலையை ஹைட்ரஜனிடம் ஒப்படைத்தால் வெளிவருவது நீராவிதான். சுவீடனின் லூலியோ நகரில் 'ஹைபிரிட்' (HYBRIT) என்ற உருக்குத் திட்டத்தார் 2020இல் சோதனை ஆலையைத் தொடங்கி, மறு ஆண்டே இம்முறையில் செய்த உருக்கை வோல்வோ நிறுவனத்துக்கு அனுப்பினார்கள். ஒரு டன் இரும்புக்குக் குறைந்தது 54 கிலோ ஹைட்ரஜன் வேண்டும். தண்ணீரைப் பிரித்து ஒரு கிலோ எடுக்கச் சுமார் 50 யூனிட் என்று வைத்தால், 2,700 யூனிட் ஆகிறது. ஆயிரம் சதுர அடி வீட்டுக்கு நான்கு டன் கம்பி என்பது கொத்தனார் கணக்கு. அதற்கான ஹைட்ரஜனுக்கு மட்டும் 2 மெகாவாட் காற்றாலை ஒன்று முழு வேகத்தில் ஐந்தரை மணி நேரம் சுற்றவேண்டும். ஆடிக் காற்றில் அது பெரிய காரியமில்லை. கார்த்திகையில் இறக்கைகள் சும்மா நிற்கும்போதும் உலை ஓடவேண்டுமே! லூலியோவில் ஹைட்ரஜனைச் சேமிக்கப் பாறையைக் குடைந்து 100 கன மீட்டர் கிடங்கு அமைத்துச் சோதித்ததும் இத்தகைய ஏற்ற இறக்கத்தைச் சமாளிக்கத்தான்.

தாதுவை உருக்காமலே ஆக்சிஜனை மட்டும் நீக்கி எடுக்கும் இரும்புக்கு 'ஸ்பாஞ்ச் அயர்ன்' என்று பெயர். அந்தப் பெயரைக் கேட்டதும் அதைத் தூய முறை என்று நம்பிவிட வேண்டாம். இந்தியாவில் அதில் பெரும்பகுதி நிலக்கரியைக் கொண்டே செய்யப்படுகிறது.

ஆகவே நம் பக்கத்துக்கு, காற்றாலை மின்சாரத்தில் பழைய இரும்பை உருக்குவதையே நான் முதலில் சொல்வேன். இதிலும் ஒரு சிக்கல் உண்டு: இரும்போடு கலந்துவிட்ட செம்பை உலையில் பிரிப்பது மிகக் கடினம், அது மிகுந்தால் சூட்டில் உருட்டும்போது மேற்பரப்பில் விரிசல் விழும். எங்கள் பழைய கிணற்று மோட்டாரை எடைக்குப் போட்டபோது, கடைக்காரர் செம்புக் கம்பியை ஒரு இழை விடாமல் உருவி எடுத்தார். அவர் பார்த்தது செம்பின் விலையை. உருக்குக்கும் அது நல்லதாயிற்று.