மூட மறுக்கும் வால்வு: சிங்க்குக்கு அடியிலிருந்து சில கேள்விகள்

சிங்க்குக்கு அடியில், பாத்திரம் தேய்க்கும் பவுடருக்கும் பழைய துணிக்கும் பின்னால் ஒளிந்திருக்கும் அந்தச் சின்ன வால்வை வருடக்கணக்கில் யாரும் தொடுவதில்லை. குழாய் பிய்த்துக்கொண்டு பீறிடும் நாளில்தான் கை அதைத் தேடும். அன்றைக்கு அது மூட வேண்டும், அது ஒன்றுதான் அதன் வேலை. பழைய வீடுகளில் இருப்பவர்கள் அனுப்பிய கேள்விகளை இந்த முறை எடுத்துக்கொள்கிறேன்.

வால்வை முழுவதும் மூடினாலும் சிங்க் குழாயில் தண்ணீர் நூல் மாதிரி வந்துகொண்டே இருக்கிறது. வால்வையே மாற்ற வேண்டுமா?

பல சுற்று சுற்றி மூடும் வகை என்றால், உள்ளே தண்டின் நுனியில் ஒரு ரப்பர் வாஷர் இருக்கும். வருடங்கள் போகப் போக அது கல் மாதிரி இறுகிவிடும், அல்லது நடுவில் மணல் துகள் மாட்டியிருக்கும். முதலில் நாலைந்து முறை திறந்து மூடிப் பாருங்கள். துகள்தான் காரணம் என்றால் தண்ணீரோடு போய்விடும்.

போகவில்லையா? வீட்டுக்கு வரும் தண்ணீரையே நிறுத்தும் மெயின் வால்வை மூடிவிட்டு, தண்டைக் கழற்றி வாஷரை மட்டும் மாற்றலாம். அப்போது டார்ச் அடித்து உள்ளே பாருங்கள். வாஷர் போய் உட்காரும் பித்தளை விளிம்பு வழவழப்பாக இருந்தால் புது வாஷர் போதும். அங்கே பள்ளமோ கீறலோ இருந்தால் புது வாஷரும் அதிக நாள் தாங்காது. மெயினை மூடி, சிங்க்குக்கு அடியில் படுத்தாகிவிட்டது, வால்வுக்கும் வயதாகிவிட்டது என்றால் முழு வால்வையும் மாற்றிவிடுவதே நல்லது என்பது என் கருத்து.

இன்னும் கொஞ்சம் இறுக்கினால் நின்றுவிடும் என்று மட்டும் ஸ்பேனரை எடுக்காதீர்கள். கையால் திருகத்தான் அந்தக் கைப்பிடி. ஸ்பேனரின் பலத்துக்கு முன்னால் தண்டு முறிந்துவிடும்.

கைப்பிடி அசையவே இல்லை. எண்ணெய் விட்டால் சரியாகுமா?

பெரும்பாலும் சரியாகும், ஆனால் பொறுமை வேண்டும். தண்டு வெளியே வரும் இடத்தில் கிளாண்ட் நட் என்று ஒரு சின்ன நட் இருக்கும். அதை அரைச் சுற்று தளர்த்துங்கள். தண்டைச் சுற்றித் துரு இளக்கும் ஸ்பிரேயைக் கொஞ்சமாக அடித்து, கால் மணி நேரம் விடுங்கள். அப்புறம் ஒரே பக்கமாக முறுக்காமல் முன்னும் பின்னுமாக, மயிரிழை மயிரிழையாக அசையுங்கள். இளகியதும் கிளாண்ட் நட்டைப் பழையபடி இறுக்கி, குடிக்கப் பிடிக்கும் முன் கொஞ்ச நேரம் தண்ணீரை ஓடவிடுங்கள். அசையவில்லை என்றால் விட்டுவிடுங்கள். மெயினை மூடி மாற்ற வேண்டிய வால்வு அது.

மாற்றத் தொடங்கும் முன் மெயினை மூடினால் போதும்தானே?

மூடினால் போதாது, மூடியதா என்று பார்க்க வேண்டும். இந்த வேலையில் நேரும் பெரிய சேதங்களுக்குப் பெரும்பாலும் சிங்க் வால்வு காரணமாக இருப்பதில்லை. மெயின் மூடிவிட்டது என்ற நம்பிக்கைதான் காரணம்.

ஒரு பழைய வீட்டில் மெயினாக இருந்த கேட் வால்வைத் திருகினேன். கை மிக லேசாகச் சுற்றியது, கடைசியில் நன்றாக முட்டியும் நின்றது. சமையலறையில் குழாயைத் திறந்தால் தண்ணீர் அப்படியே வருகிறது. உள்ளே தண்ணீரை மறிக்க வேண்டிய தகடு தண்டிலிருந்து கழன்றுபோய், தண்டு மட்டும் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. பார்க்காமல் சிங்க் வால்வைக் கழற்றியிருந்தால் சமையலறை முழுக்கத் தண்ணீர்தான்.

அதனால் முந்தின நாளே சோதித்துப் பாருங்கள். மெயினை மூடிவிட்டு, வீட்டிலேயே தாழ்வான குழாயையும் உயரமான குழாயையும் திறந்துவிடுங்கள். மேலே காற்று நுழைந்தால்தான் கீழே தண்ணீர் முழுக்க வடியும். குழாயில் தங்கியது கொஞ்ச நேரம் வரும், அப்புறம் அடியோடு நிற்க வேண்டும். சொட்டு மட்டும் வந்தால் தாழ்வான குழாயைத் திறந்தே வைத்துவிட்டு வேலை செய்யலாம். நூல் மாதிரி ஓடினால் முதலில் மெயினைத்தான் சரிசெய்ய வேண்டும்.

வெந்நீர் லைன் என்றால் ஹீட்டரை அணைத்து, அதற்குள் போகும் தண்ணீரையும் மூடுங்கள். தொட்டிக்குள் இருக்கும் சூடான நீர் அதே வழியாகத் திரும்பி வரும், கையைச் சுட்டுவிடும்.

ஜி.ஐ. குழாய் போட்ட பழைய வீடு. வால்வைக் கழற்றும்போது சுவருக்குள் குழாய் உடைந்துவிடுமோ என்று பயம்.

நியாயமான பயம். ஜி.ஐ. என்பது துத்தநாகம் பூசிய இரும்பு. உள்பக்கப் பூச்சு காலப்போக்கில் கரைந்ததும் இரும்பு உள்ளிருந்தே துருப்பிடிக்கும். மரை வெட்டிய இடத்தில் குழாயின் கனம் ஏற்கெனவே குறைந்திருக்கும் என்பதால், உடைந்தால் அங்கேதான் உடையும். காலையில் முதலில் வரும் தண்ணீர் பழுப்பாக இருக்கிறதா, வேகம் வருடா வருடம் குறைகிறதா, வால்வும் நிப்பிளும் (சுவரிலிருந்து நீளும், மரை வெட்டிய குட்டைக் குழாய்) சேரும் இடத்தில் துரு பொக்கு கட்டியிருக்கிறதா? இவை இருந்தால் அனுபவமுள்ள பிளம்பரை அழைத்துவிடுங்கள்.

நீங்களே செய்வதானால் இரண்டு ரென்ச் வேண்டும். ஒன்றால் சுவரிலிருந்து வரும் நிப்பிளை அசையாமல் பிடித்துக்கொண்டு, மற்றதால் வால்வைத் திருக வேண்டும். ஒரே ரென்ச்சால் திருகினால் அந்த முறுக்கு முழுக்கச் சுவருக்குள் குழாய் வளையும் இடத்தில் இருக்கும் எல்போவுக்குப் போகும். அங்கே விட்டுப்போனால் டைல்ஸை உடைக்காமல் தீராது.

வால்வு கழன்றதும் அவசரப்படாமல் மரையைப் பழைய பல்தேய்ப்பானால் தேய்த்துப் பாருங்கள். உலோகம் பளிச்சென்று தெரிந்தால் புது வால்வை ஏற்றலாம். மரையின் முகடுகள் பிஸ்கட் மாதிரி உதிர்ந்தால் நிறுத்திவிடுங்கள், அந்த நிப்பிளையும் மாற்ற வேண்டும். வேலையைத் தொடங்கும் முன்பே அரை இஞ்சில், உள்மரையை அடைக்கும் எண்ட் பிளக்கும் வெளிமரையை மூடும் எண்ட் கேப்பும் ஒவ்வொன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். நடுவில் நிறுத்த நேர்ந்தால் குழாய் வாயை அடைத்துவிட்டு மெயினைத் திறந்துவிடலாம், வீடு தண்ணீர் இல்லாமல் தவிக்காது.

டெஃப்லான் டேப் எத்தனை சுற்று? வால்வையும் சிங்க் குழாயையும் இணைக்கும் ஹோஸிலும் சுற்ற வேண்டுமா?

மெல்லிய டேப் என்றால் ஐந்தாறு சுற்று. மரையின் வாய் உங்களைப் பார்த்திருக்க, கடிகார முள் சுற்றும் திசையில் இழுத்துச் சுற்றுங்கள், முதல் மரையை விட்டுவிடுங்கள். இறுக்கிய பின் வால்வின் வாய் நேராக நிற்கவில்லை என்று பின்பக்கம் திருப்பினால் ஒழுகும். கழற்றி, புது டேப் சுற்றி மறுபடி ஏற்றுவதுதான் வழி.

ஹோஸுக்கு டேப் வேண்டாம். அதன் நட்டுக்குள் இருக்கும் ரப்பர் வாஷர்தான் தண்ணீரைத் தடுக்கிறது. கையால் இறுக்கி, ஸ்பேனரால் கால் சுற்று போதும். வால்வை மாற்றும்போது பழைய ஹோஸையும் மாற்றிவிடுங்கள்.

எந்த வால்வு வாங்குவது?

கால் சுற்றில் மூடும் பித்தளை வால்வு, குடிநீருக்கு ஏற்றது என்று அச்சிட்டது. திறந்திருக்கிறதா மூடியிருக்கிறதா என்பது கைப்பிடியைப் பார்த்தாலே தெரியும். மெதுவாகவே மூடுங்கள். சடாரென்று மூடினால் ஓடிவரும் தண்ணீர் மோதிப் பழைய குழாய் அதிரும்.

அளவில் பலர் ஏமாறுகிறார்கள். அரை இஞ்ச் குழாயின் வெளி விட்டம் அரை இஞ்ச் அல்ல, ஏறக்குறைய 21 மில்லிமீட்டர். அதோடு உலகில் இரண்டு வகை மரைகள் புழக்கத்தில் இருக்கின்றன. பிரிட்டிஷ் வகையான பி.எஸ்.பி. மரையின் கோணம் 55 பாகை, அமெரிக்க வகையான என்.பி.டி. மரைக்கு 60. அரை இஞ்சில் இரண்டுக்கும் இஞ்சுக்கு 14 மரைதான். அதனால் ஒன்றில் மற்றது சில சுற்று அழகாக ஏறும், பொருந்திவிட்டது போலத் தோன்றும், பிறகு எவ்வளவு டேப் சுற்றினாலும் கசியும். கழற்றிய பழைய வால்வைக் கையோடு எடுத்துப் போய் வாங்குங்கள்.

மாற்றியாகிவிட்டது. ஒழுகவில்லை என்று எப்போது நிம்மதியாக இருக்கலாம்?

சிங்க் குழாயின் நுனியில் இருக்கும் சல்லடையைக் கழற்றி, குழாயைத் திறந்து வைத்துக்கொண்டு மெயினை மெதுவாகத் திறங்கள். முதலில் காற்றும் துருவும் வரும், தெளியும் வரை விடுங்கள். பிறகு குழாயை மூடி, ஒவ்வொரு இணைப்பையும் துடைத்து, காய்ந்த டிஷ்யூ தாளால் ஒற்றிப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத ஈரம் தாளில் தெரியும். ஒரு மணி நேரம் கழித்து இன்னொரு முறை ஒற்றுங்கள். இரவு வால்வுக்கு நேர் கீழே காய்ந்த தாள் ஒன்றை விரித்து வையுங்கள். காலையில் அது மொறமொறவென்று இருந்தால் பவுடர் டப்பாவைப் பழைய இடத்தில் வைக்கலாம், வால்வைக் கை எட்டுகிற அளவுக்கு வழி விட்டு.