வீடு நிறைய விருந்தினர், சாயங்காலமானால் அழுகை

விடுமுறைக்கு உறவினர்கள் வந்து இறங்கிய நாளிலிருந்து உங்கள் மூன்று வயது மகள் சாயங்காலமானால் தரையில் புரண்டு அழுகிறாள், "செல்லம் கொடுத்துக் கெடுத்துவிட்டாய்" என்று மாமியார் சொல்கிறார் என எழுதியிருந்தீர்கள். செல்லமெல்லாம் காரணமில்லை. விடை நீங்கள் எழுதியதிலேயே இருக்கிறது: நான்கு நாளாக மதியத் தூக்கம் கிடையாது, இரவு படுக்கப் பதினொரு மணி ஆகிறது.

3 முதல் 5 வயதுவரை ஒரு நாளைக்கு 10 முதல் 13 மணி நேரத் தூக்கம் வேண்டும், பகல் தூக்கத்தையும் சேர்த்து. தூக்கம் கெட்டால் நாம் சோர்ந்து உட்காருவோம். குழந்தை பல சமயம் இன்னும் வேகமாக ஓடும். "இவளுக்குத் தூக்கமே வரலையே" என்று நாமும் விட்டுவிடுவோம். என் மகன் கண்ணைக் கசக்குவதற்கு முன்பே காது மடலை இழுக்க ஆரம்பிப்பான். அப்போதே தூக்கிக்கொண்டு உள்ளே போனால் தப்பித்தேன், பத்து நிமிடம் தாமதித்தால் போச்சு.

மதியம் சாப்பிட்டதும் ஓர் அறையை இருட்டாக்கி, அவளுடைய வழக்கமான போர்வையோடு நீங்களும் கூடப் படுங்கள். தூங்காவிட்டாலும் சரி, சத்தமில்லாமல் ஒரு மணி நேரம் கிடந்தாலே பாதி அழுகை குறையும். (உங்களுக்கும் அது தேவைதான்.) மாமியாரிடம் வாதாட வேண்டாம், கதை சொல்லித் தூங்கவைக்கும் வேலையை ஒரு நாள் அவரிடமே கொடுத்துப் பாருங்கள்.

அப்புறம், "முத்தம் கொடு, மடியில் உட்கார்" என்று யாரும் அவளை வற்புறுத்த விடாதீர்கள். கையசைத்தால் போதும்.