மாந்தோப்பை விற்று வெளிநாட்டில் கிட்னி மாற்றலாமா?

கேள்வி: என் தம்பிக்கு 38 வயது. ஓசூரில் கம்பெனி வேலை. பிரஷரைக் கவனிக்காமல் விட்டதில் இரண்டு கிட்னியும் சுருங்கிவிட்டதாம். ரத்தத்தில் கிட்னி வடிக்காமல் விட்ட கழிவைக் காட்டும் கிரியேட்டினின் 6.4. சீக்கிரம் டயாலிசிஸ் தேவைப்படும், மாற்று அறுவைக்கும் இப்போதே பாருங்கள் என்கிறார் டாக்டர். தம்பி மனைவி கொடுக்கத் தயார். ஆனால் அவளுக்கு பி பாசிட்டிவ், தம்பிக்கு ஏ பாசிட்டிவ். அம்மாவுக்குச் சர்க்கரை. வெளிநாட்டில் ரத்த வகை ஒரு பிரச்சினையே இல்லை, 40 லட்சத்தில் ஒரே மாதத்தில் முடித்துத் தருகிறேன், இப்போதைக்கு 5 லட்சம் கொடுங்கள் என்று ஒருவர் சொல்கிறார். எங்களுக்கு மூன்று ஏக்கர் மாந்தோப்பு இருக்கிறது. விற்றுவிடலாமா?
— ஒரு சகோதரி, காவேரிப்பட்டணம்

பதில்: தோப்பை விற்காதீர்கள் அம்மா. அந்த 5 லட்சத்தையும் கொடுக்காதீர்கள். ஏற்கெனவே கொடுத்திருந்தால் போனது போகட்டும், அடுத்த தவணையாவது மிஞ்சும்.

கிட்னி மாற்று அறுவையில் வெளிநாட்டில் இருக்கிற, இங்கே இல்லாத மருந்தோ கருவியோ எதுவும் கிடையாது. வேலூர் சி.எம்.சி.யில் 1971-லேயே வெற்றிகரமாக கிட்னி மாற்றினார்கள். அறுவைக்குப் பிறகு உடல் புதுக் கிட்னியை நிராகரிக்காமல் இருக்க உலகம் முழுக்கக் கொடுக்கும் டாக்ரோலிமஸ், மைக்கோஃபினோலேட் மாத்திரைகள் இங்கே சாதாரண மருந்துக்கடையில் சொன்னால் வரவழைத்துத் தருவார்கள். அப்படியென்றால் அந்த 40 லட்சம் எதற்கு? ஆளுக்கு. கிட்னி கொடுக்க ஒரு ஏழையைப் பிடித்துத் தருவதற்கான விலை அது. அதைச் சிகிச்சை என்ற பெயரில் உங்களிடம் விற்கிறார்கள்.

எந்த நாடு என்று அவர் சொல்லியிருக்க மாட்டார். சொல்லவும் முடியாது. வெளிநாட்டாருக்கு கிட்னி விற்பதை பாகிஸ்தான் 2007-லும் பிலிப்பைன்ஸ் 2008-லும் தடுத்துவிட்டன. இலங்கையில் இந்தியர்கள் சம்பந்தப்பட்ட விவகாரம் வெடித்தபின் 2016-ல் வெளிநாட்டாருக்கு மாற்று அறுவையையே நிறுத்தினார்கள். ஈரானில் பணம் வாங்கிக்கொண்டு கொடுக்கச் சட்டம் அனுமதிக்கிறது, ஆனால் ஈரானியரின் கிட்னியை வெளிநாட்டாருக்கு வைக்க முடியாது. அதனால் தரகர்கள் கொடுப்பவரையும் இங்கிருந்தே விமானம் ஏற்றுகிறார்கள். 2024 மே மாதம் கொச்சி விமான நிலையத்தில் ஒருவர் பிடிபட்டாரே, அந்த வழக்கின் குற்றச்சாட்டு இதுதான். அவ்வளவு தூரம் ஏன், 2025-ல் பள்ளிபாளையம் விசைத்தறித் தொழிலாளர்கள் கிட்னி விற்ற கதை வெளிவந்தது நினைவிருக்கும். நம் சேலம் தாண்டினால் அந்த ஊர்.

இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். ஒரு காலத்தில் நம் நாடுதான் இந்தச் சந்தை. வளைகுடாவிலிருந்து பம்பாய்க்கு வந்து கிட்னி வாங்கிப் போனார்கள். அமீரகம், ஓமான் நோயாளிகள் சுமார் 130 பேரைப் பற்றி 1990-ல் லான்செட் மருத்துவ இதழில் ஒரு கட்டுரை வந்தது. எதிர்பார்த்ததைவிடச் சாவு அதிகம், மஞ்சள் காமாலைக் கிருமியும் எச்.ஐ.வி.யும் கிட்னியோடு சேர்ந்து வந்திருந்தன. பணத்துக்குக் கொடுப்பவர் தன் நோயைச் சொல்ல மாட்டார், அவசரத்தில் யாரும் சரியாகப் பரிசோதிப்பதும் இல்லை. நாடு மாறியிருக்கிறது, முறை மாறவில்லை.

நானே பார்த்த ஒரு நோயாளியைச் சொல்கிறேன். வெளிநாட்டில் செய்துகொண்டு பதினெட்டாவது நாள் காய்ச்சலோடு என்னிடம் வந்தார். கையில் ஒரு பிளாஸ்டிக் கவர், அதில் பெயர் கிழித்த மாத்திரை அட்டைகள். டிஸ்சார்ஜ் சம்மரி என்று ஒரு தாள்கூட இல்லை. என்ன ஊசி போட்டார்கள், யாருடைய கிட்னி, அந்த ஆளுக்கு என்ன டெஸ்ட் எடுத்தார்கள், ஒன்றும் தெரியாது. தரகரின் போன் சுவிட்ச் ஆஃப். மாற்று அறுவையில் கத்தி வைப்பது நான்கைந்து மணி நேர வேலை. அதற்குப் பின் முதல் மூன்று மாதம் வாரந்தோறும் ரத்தத்தில் மருந்தளவு பார்த்து ஏற்றி இறக்குவதுதான் கிட்னியைக் காப்பாற்றுகிறது. அதை விமானத்தில் போய் வந்து செய்ய முடியாது.

‘நாங்கள் எல்லாப் பேப்பரும் ரெடி பண்ணித் தருவோம்’ என்று அவர் சொல்வாரே, அங்கேதான் கவனம் வேண்டும். முன்பின் தெரியாத பெண்ணை உங்கள் தம்பியின் மனைவி என்று காட்டும் பேப்பர் அது. உறுப்பு மாற்றுச் சட்டப்படி கிட்னிக்குப் பணம் கொடுத்தாலும் வாங்கினாலும் குறைந்தது 5 ஆண்டு சிறை, 20 லட்சத்திலிருந்து ஒரு கோடி வரை அபராதம். மாட்டிக்கொள்ளும்போது கையெழுத்துப் போட்டது நீங்களாகத்தான் இருப்பீர்கள். பாஸ்போர்ட்டை யாரிடமும் கொடுத்து வைக்காதீர்கள்.

சரி, இனி ரத்த வகை. தரகர் நுழைந்ததே இந்த ஓட்டை வழியாகத்தான்.

பி வகை மனைவியின் கிட்னியை ஏ வகைக் கணவனுக்கு அப்படியே வைக்க முடியாதுதான். ஆனால் எங்கேயோ ஒரு வீட்டில் பி வகைக் கணவனும் ஏ வகை மனைவியும் இதே கவலையோடு உட்கார்ந்திருப்பார்கள். அந்த அம்மா உங்கள் தம்பிக்கும், உங்கள் தம்பி மனைவி அந்தக் கணவருக்கும் கொடுக்கலாம். ஸ்வாப் என்பார்கள். 2011 திருத்தத்திலிருந்து சட்டமே இதை அனுமதிக்கிறது. ஒரு நிபந்தனை. கொடுப்பவர்கள் இரண்டு பேரும் அவரவர் நோயாளிக்கு நெருங்கிய உறவாக இருக்க வேண்டும். நெருங்கிய உறவு என்றால் கணவன் மனைவி, பெற்றோர், பிள்ளைகள், உடன்பிறந்தோர், தாத்தா பாட்டி, பேரப்பிள்ளைகள். அவ்வளவுதான். நம் ஊரில் மச்சினன் என்றால் உயிருக்குயிர். சட்டத்துக்கு அவர் தூரத்து ஆள். தாய்மாமாவும் அப்படித்தான். அவர்கள் நேராகக் கொடுக்க முன்வந்தால் உறுப்பு மாற்றுக்கு அனுமதி தரும் அங்கீகாரக் குழு முன் நின்று, பாசத்தால்தான் தருகிறோம், பணத்துக்கல்ல என்று நிரூபிக்க வேண்டும். நிரூபிக்க முடியும், பலர் செய்திருக்கிறார்கள். ஆனால் ஸ்வாப்பில் மச்சினனைக் கொண்டுவர முடியாது. ஒவ்வொரு மாதமும் யாராவது ஒரு குடும்பம் மச்சினனோடு வந்து நின்று ஏமாந்து போகிறது, அதனால்தான் இவ்வளவு நீட்டிச் சொல்கிறேன். ஸ்வாப்புக்கும் குழுவின் அனுமதி தேவை. இரண்டு அறுவையையும் ஒரே நேரத்தில் செய்வார்கள், ஒருவர் வாங்கிக்கொண்டு மற்றவர் பின்வாங்கக் கூடாது என்பதற்காக.

வகை சேராமலேயே, ரத்தத்தில் உள்ள எதிர்ப்புப் பொருளை முன்கூட்டியே வடித்துவிட்டு மாற்றும் முறையும் உண்டு. சென்னையிலும் பெங்களூரிலும் செய்கிறார்கள். செலவு கூடும்.

இதையெல்லாம் சொல்லி உட்கார வைக்க நம் மாவட்டத்து ஜனங்களுக்கு யார் இருக்கிறார்கள்? தாசில்தார் சான்றுக்கு ஒரு நாள், அதில் இனிஷியல் தப்பு என்று இன்னொரு நாள். பெங்களூரில் செய்வதென்றால் மாநிலம் தாண்டிவிட்டது என்று கூடுதல் சான்று. டயாலிசிஸ் செய்துவிட்டுத் தள்ளாடி வரும் மனிதனை ‘செவ்வாய்க்கிழமை வாங்க’ என்று திருப்பி அனுப்பினால், அவன் தரகரிடம் போகாமல் எங்கே போவான்? தரகர் வீட்டு வாசலுக்கு வருகிறார். அரசாங்கத்துத் தாள் வருவதில்லை. எரிச்சலாகத்தான் இருக்கிறது. ஆனாலும் இந்த அலைச்சலுக்கு 40 லட்சம் ஆகாது.

உங்கள் கடிதத்தில் மனைவியின் வகை இருக்கிறது, அம்மாவின் சர்க்கரை இருக்கிறது. உங்களைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. உங்கள் வகை ஏ அல்லது ஓ என்றால் நேராகவே பார்க்கலாம். உடன்பிறந்தவர் என்றால் திசுப் பொருத்தம் முழுதாக அமைய நாலில் ஒரு பங்கு வாய்ப்பும் உண்டு. கொடுத்தே ஆக வேண்டும் என்று சொல்லவில்லை. டாக்டர் உங்களைத் தனியாக உட்கார வைத்துக் கேட்பார், வேண்டாம் என்றால் அதோடு விட்டுவிடுவார். வீட்டில் யாருக்கும் காரணம் சொல்ல வேண்டியதில்லை.

யாரும் ஒத்துவராவிட்டால் மூளைச்சாவு அடைந்தவரின் கிட்னிக்குப் பதிவு செய்யுங்கள். ஆஸ்பத்திரி மூலமாக டிரான்ஸ்டான் என்ற தமிழ்நாடு அரசு உறுப்பு மாற்று ஆணையத்தின் பட்டியலில் ஏற்றுவார்கள். வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருக்கும், அதனால் இப்போதே பெயர் ஏறட்டும். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் டயாலிசிஸும் மாற்று அறுவையும் அதில் வரும், வருமான வரம்பை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். வெளிநாட்டு பில்லுக்கு அதிலிருந்து ஒரு பைசா வராது.

டயாலிசிஸ் என்றால் ஆள் முடிந்தான் என்று தரகர்கள் பயமுறுத்துவார்கள். வாரம் மூன்று தடவை, ஒவ்வொன்றும் நான்கு மணி நேரம். அதைச் செய்துகொண்டே வேலைக்குப் போகிறவர்கள் இருக்கிறார்கள். கிருஷ்ணகிரி, தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் விசாரியுங்கள். ஸ்டெம் செல் ஊசி, கிட்னியைத் திரும்ப வளர்க்கும் பொடி இரண்டையும் வாசலிலேயே திருப்பி அனுப்புங்கள். மூட்டுவலி மாத்திரையும் கூடாது. தோப்பு உங்களுடையது என்றாலும் மாம்பழத்தை டாக்டரைக் கேட்டுத்தான் தர வேண்டும், அதில் உள்ள பொட்டாசியத்தைப் பழுதான கிட்னி சரியாக வெளியேற்றாது.

இந்த வாரமே செய்ய வேண்டியது ஒன்று. தம்பியின் கையில் ஃபிஸ்டுலா வைக்க நாள் கேளுங்கள். டயாலிசிஸ் ஊசி போட வசதியாகக் கையின் ரத்தக் குழாய்களை இணைக்கும் சிறு அறுவை அது. வைத்த பின் அது தயாராக ஆறிலிருந்து எட்டு வாரம் ஆகும். அவசரத்தில் கழுத்தில் குழாய் போடும் நிலை வரக் கூடாது. வலது கைக்காரர் என்றால் இடது கையில் வைப்பார்கள். இப்போதிருந்தே, வைத்த பிறகும், டயாலிசிஸுக்குத் தவிர அந்தக் கையில் யாரையும் ஊசி குத்த விடாதீர்கள், ரத்தம் எடுக்கவும் விடாதீர்கள். லேபில் பையன் வழக்கப்படி இடது கையைத்தான் நீட்டச் சொல்வான். கூட நீங்கள் போங்கள்.