கல்லூரியின் அறக்கொடை நிதி பெரிதாக இருந்தால் அங்கே சேர்வது நல்லதா?

மகள் லண்டன் உயர்தரம் எழுதப் போகிறாள், அமெரிக்கக் கல்லூரிகளை அவற்றின் அறக்கொடை நிதியின் அளவை வைத்து வரிசைப்படுத்தியிருக்கிறோம், இது சரியா என்று கேட்டிருக்கிறீர்கள். இதே பட்டியலை 2022இன் கடைசியில் வெள்ளவத்தையில் எங்கள் சாப்பாட்டு மேசையில் வைத்து நானும் போட்டேன். டொலர் 360 ரூபாயைத் தாண்டி நின்ற நேரம் அது.

இந்த நிதி என்னவென்று முதலில் சொல்லிவிடுகிறேன். நம் பள்ளிப் பரிசளிப்பு விழாவில் இன்னார் ஞாபகார்த்தப் பரிசு என்று வாசிப்பார்களே, கிட்டத்தட்ட அதுதான். யாரோ ஒரு பழைய மாணவர் தாய் தகப்பன் பெயரில் வங்கியில் நிலையான வைப்புப் போட்டிருப்பார். அந்த மூலதனத்தில் கை வைக்க மாட்டார்கள். வட்டியில் வருடாவருடம் கணிதத்தில் முதல் வரும் பிள்ளைக்குப் பரிசு. வகுப்பறைக் கூரை ஒழுகினாலும் அந்தக் காசைத் தொட முடியாது. ஹாவர்டின் 50 பில்லியன் டொலருக்கு மேற்பட்ட நிதியும் இப்படி ஆயிரக்கணக்கானோர் கொடுத்தவற்றின் திரட்டுத்தான். வங்கிக்குப் பதிலாகப் பங்குகளிலும் வேறு முதலீடுகளிலும் கிடக்கிறது. வருடத்துக்கு 5 வீதம் அளவில்தான் எடுப்பார்கள், அதிலும் பெரும் பகுதி கொடுத்தவர் சொன்ன காரியத்துக்கே போகும்.

ஆகவே மொத்தத்தை விடுங்கள், தலைக்கு எவ்வளவு என்று பாருங்கள். நியூயோர்க் பல்கலைக்கழகத்திடம் ஏறத்தாழ 6 பில்லியன் இருக்கிறது, மாணவர்கள் 50,000 பேருக்கு மேல். தலைக்கு ஒரு லட்சம் டொலர் அளவில் வரும். அயோவாவில் கிரின்னெல் என்று ஒரு சின்னக் கல்லூரி. மாணவர்கள் 1,700 பேர் அளவில்தான், நிதியோ 2 பில்லியனுக்கு மேல். தலைக்குப் பத்து லட்சத்தைத் தாண்டுகிறது! கணினிச் சில்லு செய்யும் இன்டெல் நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரான ரொபர்ட் நொய்ஸ் அங்கே படித்தவர், அந்த நிறுவனத்தில் ஆரம்பத்திலேயே முதலிட்ட கல்லூரி அது. நம் வீடுகளில் எத்தனை பேருக்கு அந்தக் கல்லூரியின் பெயர் தெரியும்?

அதுவும் போதாது. அந்தக் காசு நம் பிள்ளை வரைக்கும் வருமா என்பதுதான் கேள்வி. மிச்சிகன் பல்கலைக்கழகத்திடம் 17 பில்லியனுக்கு மேல் உண்டு, ஆனால் இளமாணிப் படிப்புக்கு வரும் வெளிநாட்டுப் பிள்ளைக்குக் குடும்ப வசதி பார்த்துத் தரும் உதவி அங்கே கிடைப்பது அரிது. ஹாவர்ட், யேல், பிரின்ஸ்டன், எம்.ஐ.டி., அம்ஹர்ஸ்ட், போடன் போன்ற மிகச் சில இடங்கள்தான் வெளிநாட்டவரின் காசு நிலையைப் பார்க்காமல் அனுமதித்து, தேவை முழுவதையும் கொடுக்கின்றன. மற்ற இடங்களில் உதவி கேட்டாலே அனுமதி கடினமாகும். அதற்குப் பயந்து கேட்காமல் மட்டும் விட்டுவிடாதீர்கள். சேர்ந்த பிறகு கேட்டால் பல கல்லூரிகள் வெளிநாட்டுப் பிள்ளைகளுக்குக் கொடுப்பதே இல்லை.

எங்களுக்கு இரண்டு அனுமதிக் கடிதங்கள் வந்தன. ஒன்று எல்லோருக்கும் தெரிந்த பெரிய பல்கலைக்கழகம், பில்லியன் கணக்கில் நிதி, எங்களுக்கு உதவி ஒரு சதமும் இல்லை. மற்றது பெயர் தெரியாத சின்னக் கல்லூரி. வருடம் 6,000 டொலர் எங்கள் பங்கு, மிச்சம் அவர்கள் பொறுப்பு. டொரண்டோவில் இருக்கும் அண்ணா, பெயரை விடாதே, வீட்டை ஈடு வை என்றார். இரண்டு இரவு நித்திரை இல்லை. கடைசியில் மகளே இரண்டு இடத்துக்கும் மின்னஞ்சல் எழுதினாள்: நாலு வருடமும் இந்த உதவி நிற்குமா, கட்டணம் கூடினால் உதவியும் கூடுமா, ரூபாய் விழுந்தால் மறுபடி பார்ப்பீர்களா? சின்னக் கல்லூரியில் நிதியுதவிப் பொறுப்பாளரே மறுநாள் ஒவ்வொன்றுக்கும் தெளிவாக எழுதினார். பெரிய இடத்திலிருந்து இணையப் பக்கத்தின் முகவரி மட்டும் வந்தது.

இந்த மூன்று கேள்விகளையும் நீங்களும் இப்போதே எழுதிக் கேளுங்கள். அப்புறம், கொழும்பில் உள்ள, அமெரிக்க, இலங்கை அரசுகளின் கல்விப் பரிமாற்ற அமைப்பான ஃபுல்பிரைட் ஆணைக்குழுவின் ஆலோசனைப் பிரிவுக்கு மகளோடு ஒரு தடவை போய் வாருங்கள். முகவர்களிடம் காசு கொடுப்பதற்கு முன்னால் போங்கள்.